குழாய்க்குப் பேதி, மனிதனுக்கு மாத்திரை

2022 ஜூலை முதல் வாரத்தில் காரைக்காலில் 144 தடையுத்தரவு போட்டார்கள். சாதிச் சண்டை இல்லை, தேர்தல் தகராறு இல்லை, இந்தக் கரையில் அடிக்கடி மூளும் சுருக்குமடி வலைச் சண்டைகூட இல்லை. காலரா. புதுச்சேரி அரசு பொதுச் சுகாதார அவசரநிலை என்று அறிவித்தது. பள்ளி, கல்லூரிகளுக்கு மூன்று நாள் பூட்டு. வாந்தியும் பேதியுமாக ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் நூற்றுக்கணக்கில். குடிநீர்க் குழாயில் உடைப்பு, அதில் சாக்கடை கலந்துவிட்டது என்று அதிகாரிகளே சொன்னார்கள். கூட்டம் கூடக் கூடாது என்கிற உத்தரவை, கோடிக்கணக்கில் கூடியிருந்த கிருமியிடம் மட்டும் யாரும் வாசித்துக் காட்டவில்லை போலும்.

அப்போது ஆனி மாதம். காரைக்கால் அம்மையாருக்கு மாங்கனித் திருவிழா எடுக்க ஊர் தயாராகிக்கொண்டிருந்தது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. இரண்டு மாதம் கடன் வாங்கிச் சாப்பிட்ட வீடுகளில் அப்போதுதான் காசு புழங்க ஆரம்பித்திருந்தது. அந்தக் காசுக்கு வழிபார்த்துக் காத்திருந்ததைப் போல வந்து சேர்ந்தது வாந்திபேதி.

காரைக்காலுக்கு என்ன குறை? ஜிப்மர் மருத்துவக் கல்லூரிக்கு இங்கே ஒரு கிளை உண்டு. என்.ஐ.டி. உண்டு. ஓ.என்.ஜி.சி. உண்டு. கப்பல் வந்து போகிற துறைமுகம் உண்டு. திருநள்ளாற்றில் சனி பகவானே குடியிருக்கிறார். அந்த வருடம் புதுச்சேரியின் துணைநிலை ஆளுநராக இருந்தவர் ஒரு மருத்துவர். மதுக்கடைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நாகப்பட்டினத்திலிருந்தும் மயிலாடுதுறையிலிருந்தும் எல்லை தாண்டி வருகிறவனுக்கு முத்திரை ஒட்டி, மூடி திருகாத புட்டியில் சரக்கு கிடைக்கிறது. அதே உத்தரவாதத்தோடு ஒரு குடம் தண்ணீர் கேட்டால்தான் இந்த அரசுக்கு மூச்சு வாங்குகிறது.

லண்டனில் 1854-இல் ஜான் ஸ்னோ என்கிற மருத்துவர், காலரா எந்தத் தெருக்குழாயிலிருந்து பரவுகிறது என்று வீடு வீடாகக் கேட்டுக் கண்டுபிடித்து, அந்த அடிபம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்தார். பிறகு அந்த நகரம் பூமிக்கடியில் சாக்கடை கட்டியது. 1866-க்கு அப்புறம் அங்கே காலரா கொள்ளைநோயாகத் தலைகாட்டவில்லை. ஸ்னோ கைப்பிடியைக் கழற்றியபோது பெனிசிலின் கண்டுபிடிக்கவே இன்னும் 74 வருடம் இருந்தது. ஒரு ஆன்டிபயாடிக் மாத்திரைகூட இல்லாமல் ஒரு பெருநகரம் காலராவை விரட்டியது. நம்மிடம் மாத்திரை இருக்கிறது. அதனால் சாக்கடையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்று முடிவு செய்துவிட்டோம்.

அந்தச் சாக்கடை குழாய்க்குள் எப்படிப் போகிறது என்று ஒரு ஊரில் பார்ப்போம். கருக்களாச்சேரி, அரசலாறு கடலில் விழுகிற இடத்துக்குத் தெற்கே, நிரவி கொம்யூனில் இருக்கிற மீனவர் ஊர். காவிரிக்குக் காரைக்கால் கடைமடை. அந்தக் கடைமடையிலும் கடைசி வரிசை இப்படிப்பட்ட கடற்கரை ஊர்கள். ஆற்றுத் தண்ணீரில் கடைமடைக்கு என்ன மரியாதை என்பது டெல்டாக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குழாய்த் தண்ணீருக்கும் அதே மரியாதைதான். மேல்நிலைத் தொட்டியில் திறந்துவிட்டால் தொட்டிக்குப் பக்கத்தில் இருப்பவன் வீட்டு மாடிக்கு ஏறும். குழாயின் கடைசிக்கு வரும்போது ஒழுகும். ஒழுகுகிறதைப் பிடிக்க இந்தக் கரையோர ஊர்களில் ஒரு உபாயம் உண்டு: வாசலில் இடுப்பளவு பள்ளம் தோண்டி, குழாயை அந்தப் பள்ளத்துக்குள் இறக்கி வைப்பது. பெண்கள் அதற்குள் இறங்கிக் குடம் நிரப்புவார்கள். மழை பெய்தால் பள்ளம் நிரம்பும். சாக்கடை வழிந்தால் பள்ளம் நிரம்பும். தண்ணீர் நின்றதும், பள்ளத்தில் தேங்கியது குழாய் வாய் வழியாகவே உள்ளே போகும்.

இந்த 'உள்ளே போகும்' என்கிற சமாச்சாரத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் மொத்தக் கதையும் அதில்தான் இருக்கிறது. நாள் முழுக்க அழுத்தத்தோடு தண்ணீர் ஓடுகிற குழாயில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே பீய்ச்சும். வெளியே இருப்பது உள்ளே வராது. நம் ஊரில் காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். மிச்ச நேரம் குழாய் காலி. காலியான குழாய் வெறுமனே இருக்காது, உறிஞ்சும். பக்கத்தில் சாக்கடை வாய்க்கால் ஓடினால் சாக்கடையை உறிஞ்சும். போதாததற்கு, வசதியுள்ள வீட்டுக்காரர் நேரடியாகக் குழாயில் மோட்டார் மாட்டி இழுப்பார். அவர் இழுக்கிற இழுப்பில் தெருவின் மொத்த ஓட்டையும் சாக்கடையைக் குடிக்கும். மறுநாள் காலை முதல் குடம் கலங்கலாக வந்தால், “கொஞ்ச நேரம் விட்டுப் பிடிங்கம்மா” என்று தண்ணீர் திறந்துவிடுகிறவர் சொல்வார். நம் பொதுச் சுகாதாரக் கொள்கையின் சாரம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடக்கம்.

இனி மருந்துக்கடைக்கு வருவோம். எந்தக் கடை என்று கேட்காதீர்கள். எந்த ஊரில் ஷட்டர் ஏறினாலும் இதே காட்சிதான்.

“தம்பி, ராத்திரியிலேருந்து வீட்ல அவருக்கு வயித்தால போவுது. மாத்திர குடு.”

“வாந்தி இருக்காக்கா?”

“ரெண்டு தடவ எடுத்துட்டாரு.”

“காய்ச்சல்?”

“தொட்டா லேசா சுடுது.”

“செட்டு போட்டுத் தரேன். சாப்பாட்டுக்கப்புறம் போடச் சொல்லுங்க.”

பரிசோதனை முடிந்தது. கத்தரிக்கோல் எடுக்கிறார் தம்பி. ஒவ்வொரு அட்டையிலிருந்தும் நாலு நாலாக வெட்டுகிறார். மாத்திரையின் பெயரும் காலாவதித் தேதியும் வெட்டாத பாதியில் தங்கிவிடும். அக்காவின் கைக்கு வருவது பெயரில்லாத வெள்ளி வில்லைகள். பேதிக்கு ஒன்று, பேதியை நிறுத்த ஒன்று, வாந்திக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று, இத்தனையும் தின்றால் வயிறு எரியுமே என்று அதற்கு ஒன்று. எல்லாம் ஒரு காக்கிக் கவருக்குள். உப்புக்கரைசல் பொட்டலம் கல்லாவுக்குப் பின்னால், பால் பவுடர் டப்பாவுக்கு மேலே, தூசி படிந்து உட்கார்ந்திருக்கிறது. அதை அக்கா கேட்கவில்லை. தம்பி கொடுக்கவில்லை. “நின்னுடுமா?” என்று மட்டும் கேட்கிறார் அக்கா. “ரெண்டு வேளையில நின்னுடும்.”

அக்காவைக் குற்றம் சொல்கிறவன் ஒரு நாள் அவருடைய மீன்கூடையைத் தூக்கிப் பார்க்கட்டும். ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அன்றைய வியாபாரம் போயிற்று. மறுநாள் படகு கிளம்பும்போது புருஷன் ஏறாவிட்டால் பங்கு போயிற்று. நடுக்கடலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எந்தக் கொல்லைக்குப் போவது? அதனால் கடலுக்குப் போகிறவர்கள் நாலு மாத்திரையை முன்கூட்டியே மடியில் முடிந்து வைத்துக்கொள்வதும் உண்டு, வராத பேதிக்கு.

அந்த செட்டுக்குள் இருக்கிற முக்கியமான மாத்திரை பெரும்பாலும் இரண்டும் கலந்தது: ஆஃப்ளாக்சசினும் ஆர்னிடசோலும், அல்லது நார்ஃப்ளாக்சசினும் டினிடசோலும். முதலாவது பாக்டீரியாவுக்கு. இரண்டாவது அமீபா, ஜியார்டியா வகையறாவுக்கு. ஒரே நேரத்தில் இரண்டு பேரும் ஒரு வயிற்றில் குடியேறுவது அபூர்வம். பிறகு எதற்கு இரண்டு மருந்து? திருடன் யாரென்று தெரியாதபோது தெருமுனையில் நின்ற இரண்டு பேரையும் பிடித்து லாக்கப்பில் போடுகிற போலீஸ் முறைதான். திருடன் பல சமயம் இரண்டு பேரும் இல்லை. குழந்தைகளின் பேதிக்குப் பெரும்பாலும் காரணம் ரோட்டா போன்ற வைரஸ்கள். வைரஸுக்கு எந்த ஆன்டிபயாடிக்கும் ஒன்றும் செய்யாது. பெரியவர்களுக்குக் கெட்டுப்போன சாப்பாட்டின் நஞ்சு, அது தானே கழிந்து போகும். அடி வாங்குவது, வயிற்றில் சும்மா குடியிருந்து செரிமானத்துக்கு உதவிக்கொண்டிருந்த நல்ல பாக்டீரியா. அதுகள் செத்தால் மறுபடி பேதி. பேதிக்கு மறுபடி செட்டு.

சாதாரண வயிற்றுப்போக்கு மூன்று, நாலு நாளில் தானாக நிற்கும். இரண்டாம் நாள் மாத்திரை போட்டவர், மாத்திரையால்தான் நின்றது என்று ஆயுள் முழுக்கச் சத்தியம் செய்வார். பக்கத்து வீட்டுக்கும் மாத்திரைப் பெயரைச் சொல்வார். இதைவிட மலிவான விளம்பரம் எந்த மருந்துக் கம்பெனிக்குக் கிடைக்கும்?

ஆன்டிபயாடிக் தேவைப்படுகிற பேதியும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். காலராவே அப்படி ஒன்று. உடம்பில் நீர் வற்றிக் கண் குழி விழுந்த நோயாளிக்கு, முதலில் நீரேற்றிவிட்டு, டாக்சிசைக்ளின் 300 மில்லிகிராம் ஒரே வேளை கொடுத்தால் பேதியின் அளவும் நாளும் பாதியாகக் குறையும். அசித்ரோமைசினும் உதவும். ரத்தமும் சளியுமாகக் காய்ச்சலோடு போனால் அது ஷிகெல்லாவாக இருக்கலாம். அதற்கு மருந்து கட்டாயம். டைபாய்டுக்குக் கட்டாயம். இதையெல்லாம் முடிவு செய்ய மருத்துவர் ஒருவர் நோயாளியைப் பார்க்க வேண்டும், மலத்தைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். செட்டில் பேதியை நிறுத்தப் போடுகிறார்களே லோபரமைடு, அதை ரத்தபேதிக்காரருக்கும் சின்னக் குழந்தைக்கும் கொடுப்பது ஆபத்து. வெளியேற வேண்டிய விஷத்தை உள்ளேயே பூட்டி வைக்கிற வேலை அது. கத்தரிக்கோலுக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது.

டைபாய்டு ஒரு காலத்தில் சிப்ரோஃப்ளாக்சசினுக்கு அடங்கிக் கிடந்தது. இன்று இந்தியாவில் அந்த மருந்தை டைபாய்டுக்கு எழுதத் தெரிந்த மருத்துவர் யோசிப்பார். அந்தக் கிருமி சிப்ரோவைப் பழகிவிட்டது. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்து ஹைதராபாத்தில் 2016-இல் தலையெடுத்த டைபாய்டு வகைக்கு, விழுங்குகிற மாத்திரையில் பெரும்பாலும் மிஞ்சியது அசித்ரோமைசின் ஒன்றுதான். அதையும் நாம் சளிக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் மூன்று நாள் கோர்ஸாகத் தின்று தீர்த்துக்கொண்டிருக்கிறோம். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாக 2019-இல் மட்டும் உலகத்தில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் செத்தார்கள் என்பது லான்செட் இதழில் வந்த கணக்கு.

பேதியில் மனிதன் சாவது கிருமி தின்பதால் இல்லை, நீர் வற்றுவதால். இதை உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியது நம் நாட்டுக்காரர். 1971, வங்கதேசப் போர். பங்காவ் முகாமில் அகதிகள் காலராவில் செத்துக்கொண்டிருந்தார்கள். நரம்பில் ஏற்றுகிற சலைன் தீர்ந்துபோனது. திலீப் மகலனாபிஸ் என்கிற குழந்தை மருத்துவர் உப்பையும் குளுக்கோஸையும் சோடா உப்பையும் கலந்து டிரம்மில் கரைத்து வைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே மொண்டு கொடுக்கச் சொன்னார். முப்பது சதவீதத்தை எட்டிய சாவு நாலு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான குழந்தைகள் பிழைத்தது அந்த உப்புத்தண்ணீரால். மகலனாபிஸ் 2022 அக்டோபரில், காரைக்கால் காலராவுக்கு மூன்று மாதம் கழித்துக் காலமானார். 2023 ஜனவரியில் அவருக்குப் பத்ம விபூஷண் அறிவித்தார்கள். அதற்கு முன் ஐம்பது வருடமாக டெல்லிக்கு அவர் விலாசம் கிடைக்கவில்லை.

அவர் கண்ட உப்புக்கரைசலையாவது நாம் ஒழுங்காக விட்டுவைத்தோமா? சர்க்கரைப் பானத்தை டப்பாவில் அடைத்து, அதற்கு மேல் ஓ.ஆர்.எஸ். என்று பெரிதாக அச்சடித்து மருந்துக்கடையிலேயே விற்றார்கள். சர்க்கரை அதிகமானால் பேதி கூடும். நம் ஹைதராபாத்தைச் சேர்ந்த சிவரஞ்சனி சந்தோஷ் என்கிற குழந்தை மருத்துவர் ஆண்டுக்கணக்கில் சண்டை போட்ட பிறகு, 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. நிஜமான பொட்டலம் தூசி படிந்து கிடக்க, போலி கண்ணாடி ஃபிரிட்ஜில் குளுகுளுவென்று இருந்தது.

ஒரு ஆய்வு இங்கே ஞாபகம் வருகிறது. கர்நாடகத்திலும் பீகாரிலும், குழந்தைக்குப் பேதி என்று சொல்லி நோயாளிவீட்டார் மாதிரி நடிக்கப் பயிற்சி பெற்றவர்களை வைத்தியர்களிடமும் மருந்துக்கடைகளுக்கும் அனுப்பிப் பார்த்தார்கள். முடிவு 2024-இல் சயின்ஸ் இதழில் வந்தது. உப்புக்கரைசல் கொடுக்காததற்குப் பெரிய காரணம் லாப ஆசை இல்லையாம், கையிருப்பு இல்லாததும் இல்லையாம். வருகிறவர்களுக்கு அது பிடிக்காது என்று கொடுப்பவர்களே நினைத்துக்கொண்டார்களாம். அக்கா கேட்க மாட்டார் என்று தம்பி நினைக்கிறார். கொடுக்காததால் அது மருந்தே இல்லை என்று அக்கா நினைக்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் பொட்டலம் தூசி தின்கிறது. மருந்துக்கடைக்காரரைத் திட்டித் தீர்க்கலாம் என்று பேனாவை எடுத்தவனுக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனாலும் திட்டுவதற்கு மேலே ஆட்கள் இருக்கிறார்கள்.

சட்டம் இல்லாமலில்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்கக் கூடாது. 2013-இல் எச் 1 என்று தனி அட்டவணை கொண்டுவந்து, சில வீரியமான மருந்துகளை யாருக்கு விற்றோம் என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் பாதுகாக்கச் சொன்னார்கள். 2016-இல் அட்டையில் சிவப்புக் கோடு கண்டால் எச்சரிக்கை என்று பிரசாரம் செய்தார்கள். அதற்கு முன் 2012-இல் நிபுணர்கள் கூடி வெளியிட்ட திட்டத்துக்குச் சென்னைப் பிரகடனம் என்றே பெயர். சிவப்புக் கோடு இருக்கிறது. அதன் மேல் கத்தரிக்கோல் போகிறது.

2010-இல் சென்னைப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் கார்த்திகேயன் குமாரசாமி முதல் ஆசிரியராக இருந்த ஒரு கட்டுரை லான்செட்டின் தொற்றுநோய் இதழில் வந்தது. கடைசிப் புகலிடமாக வைத்திருக்கிற மருந்துகளையும் செல்லாமல் ஆக்குகிற ஒரு மரபணு, சென்னை உட்படப் பல ஊர் நோயாளிகளிடம் பரவியிருப்பதைச் சொன்ன கட்டுரை. அந்தச் சமாச்சாரத்துக்கு ஏற்கெனவே புதுடெல்லியின் பெயரை வைத்திருந்தார்கள்: என்.டி.எம். 1. டெல்லி கொதித்தது. கிருமியைப் பார்த்து இல்லை, பெயரைப் பார்த்து. இந்தியாவுக்கு வைத்தியத்துக்கு வருகிற வெளிநாட்டு வியாபாரத்தைக் கெடுக்கச் சதி என்றார்கள். அடுத்த வருடமே டெல்லியில் தெருவில் தேங்கிய தண்ணீரிலும் குழாய்த் தண்ணீரிலும் அந்த மரபணு இருப்பதை இன்னொரு ஆய்வு காட்டியது. குழாய்த் தண்ணீர் மாதிரி ஐம்பதில் இரண்டில் இருந்தது. அதைச் சுமந்துகொண்டிருந்த கிருமிகளில் ஒன்று, நம் காரைக்கால் விருந்தாளியான விப்ரியோ காலரே. அப்போதும் மறுப்பறிக்கைதான் வந்தது, புதுக் குழாய் வரவில்லை.

தெலங்கானாவில் பட்டன்செருவு என்று ஒரு இடம். மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்தம் செய்கிற நிலையத்திலிருந்து வெளியேறிய தண்ணீரை ஸ்வீடன்காரர்கள் சோதித்து 2007-இல் எழுதினார்கள்: ஒரே நாளில் வெளியேறும் சிப்ரோஃப்ளாக்சசின் மட்டும் சுமார் 45 கிலோ. சுத்தம் செய்தபிறகு! ஓடைக்கே கோர்ஸ் கொடுக்கிற தேசம் இது. ஓடையில் வாழ்கிற பாக்டீரியா என்ன செய்யும்? படித்துத் தேறும்.

கடற்கரைக்காரர்களுக்கு இன்னொரு கதை தெரியும், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்புவது. இந்தக் கரையின் இறால் பண்ணைகள். இறாலுக்கும் வயிற்றில் கிருமி வரும். அதற்கும் ஆன்டிபயாடிக் போடுகிறவர்கள் இருந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் என்ன செய்தது? குளோரம்ஃபெனிக்கால், நைட்ரோஃபியூரான் கூடவே கூடாது என்றது. ஒரு கிலோ இறாலில், ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் அதில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே போதும், சரக்கைக் கப்பலோடு திருப்பியது. 2016-இல் இந்தியப் பண்ணை இறாலைச் சோதிக்கிற அளவைப் பத்திலிருந்து ஐம்பது சதவீதமாக உயர்த்தியது. இந்தக் கெடுபிடிகளுக்குப் பயந்து இங்கே எல்லாரும் சுறுசுறுப்பானார்கள். ஆய்வுக்கூடம் வந்தது. சான்றிதழ் வந்தது. பண்ணைக்குப் பதிவெண் வந்தது. அறுவடைக்கு முன்னால் சோதனை வந்தது. பாரிஸில் ஒருவன் தட்டில் விழப்போகிற இறால் சுத்தமாக இருக்க வேண்டும் என்றால் இத்தனையும் முடிகிறது. அந்த இறாலைக் கழுவித் தலை கிள்ளுகிற பெண்ணின் வீட்டுக் குழாயில் குளோரின் இருக்கிறதா என்று பார்க்க ஒருவராலும் முடியவில்லை. அவளை யாரும் ஏற்றுமதி செய்யப்போவதில்லை, அதுதான் அவள் செய்த பிழை.

எனவே புதுச்சேரி அரசுக்கு நான் ஒரு திட்டம் தருகிறேன். காப்புரிமை கேட்க மாட்டேன். குழாய் மாற்றப் பல கோடி ஆகும், டெண்டர் விட வேண்டும், ரோடு வெட்ட வேண்டும், வெட்டிய ரோட்டை மூட மறக்க வேண்டும். எவ்வளவு அலைச்சல்! பேசாமல் மேல்நிலைத் தொட்டியிலேயே டாக்சிசைக்ளினைக் கரைத்துவிடலாம். ரேஷன் கார்டுக்கு மாதம் இரண்டு அட்டை செட்டு மாத்திரை, தீபாவளிக்குக் கூடுதலாக ஒன்று. சிவப்புக் கார்டு, மஞ்சள் கார்டு பேதம் கூடாது. சாக்கடை யாரிடமும் பேதம் பார்ப்பதில்லை. அட்டையில் முதல்வர் படம் இருக்கட்டும். எதிர்க்கட்சி வந்தால் படத்தை மட்டும் மாற்றலாம், மாத்திரையையும் குழாயையும் தொட வேண்டாம். மருந்து பலிக்காமல் போனால் மூன்றாம் தலைமுறை மருந்து, அதுவும் பலிக்காவிட்டால் நாலாவது. நாலாவதும் தீர்ந்தால் நிவாரணத் தொகை இருக்கவே இருக்கிறது.

சிரிக்காதீர்கள். எழுத்தில் இல்லையே தவிர இந்தத் திட்டம் பல வருடமாக அமலில் இருக்கிறது. அரசு தண்ணீருக்குச் செலவழிக்காத காசை அக்கா மருந்துக்கடையில் செலவழிக்கிறார். பொதுப்பணித் துறை அடைக்காத ஓட்டையை அவர் புருஷனின் குடல் அடைக்கிறது.

காலரா வந்த பிறகு மட்டும் எல்லாம் கிடைத்தது. லாரியில் தண்ணீர் வந்தது. மருத்துவ முகாம் வந்தது. வெள்ளைச் சட்டைகள் வந்தன. வெள்ளைச் சட்டைகள் வருகிற வழியெல்லாம் பிளீச்சிங் பவுடர் கோடு போடுவது தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் பொதுவான பண்பாடு. கார் கதவு திறக்கிற இடத்தில் கொஞ்சம் தாராளமாக இருக்கும். தொட்டியில் போட வேண்டிய குளோரினை ரோட்டோரத்தில் போடுகிற ஜனநாயகம் இது. ரோட்டுக்குக் காலரா வராது என்று யாராவது அவர்களுக்குச் சொல்லியிருக்கலாம்.

ரோட்டில் போடாதே, தொட்டியில் போடு என்று கேட்க ஊருக்கு ஒரு கவுன்சிலர் வேண்டாமா? புதுச்சேரி மாநிலத்தில் உள்ளாட்சித் தேர்தல் 1968-க்குப் பிறகு 2006-இல்தான் நடந்தது, 38 வருட இடைவெளியில். ஜெயித்தவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. அதற்கப்புறம் வழக்கு, வார்டு வரையறை, இட ஒதுக்கீடு என்று தள்ளிக்கொண்டே போனார்கள். காலரா வந்த 2022-இல் நிரவி கொம்யூன் பஞ்சாயத்துக்கு மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. குழாய் உடைந்தால் மனு எழுதிக்கொண்டு அதிகாரியிடம் போக வேண்டும். அந்த அதிகாரிக்கு மேலே உள்ளவர் 130 கிலோமீட்டருக்கு அப்பால் புதுச்சேரியில். காலராக் கிருமி அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அதன் அலுவலகம் தெருமுனையிலேயே இருக்கிறது.

ஊர்ப் பஞ்சாயத்தார், மீனவர் சங்கத்தார், கல்லூரிப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒன்று சொல்கிறேன். இந்தியத் தரநிர்ணயப்படி, குழாயின் கடைசி வீட்டில் பிடிக்கிற ஒரு லிட்டர் தண்ணீரில் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். இதைச் சோதிக்கப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. சின்னக் குப்பியில் தண்ணீர் பிடித்து மருந்துச் சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் காட்டும். நிறம் மாறவில்லை என்றால் குளோரின் இல்லை. மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்து வீட்டில் சோதித்துக் கணக்கு எழுதுவார்கள், ஏமாறாதீர்கள். கடைமடை வீட்டில் சோதிக்கச் சொல்லுங்கள். தினமும் அந்த எண்ணை மீன் ஏலக்கூடத்தில் கரும்பலகையில் எழுதச் சொல்லுங்கள், சோதித்த பொறியாளரின் பெயரோடு. மத்தி என்ன விலை என்று எழுதுகிற இடத்தில் தண்ணீரில் என்ன இருக்கிறது என்பதும் இருக்கட்டும்.

அது நடக்கிறவரை செட்டு மாத்திரை வாங்காதே என்று கருக்களாச்சேரி அக்காவுக்குப் புத்தி சொல்ல எனக்கு வாய் வராது. கடையில் போய் முதலில் உப்புக்கரைசல் பொட்டலத்தைக் கேளுங்கள், ரத்தம் கண்டாலோ கண் உள்ளே போனாலோ மூத்திரம் நின்றாலோ நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று மட்டும் சொல்வேன். மிச்சப் புத்திமதி அத்தனையும் பொதுப்பணித் துறைக்கு.